மருந்துக் கூர்க்கன் சாகுபடி: நீர் தேங்காத நிலமும் எழுத்தில் உள்ள விலையும்

துளசி, தும்பை, புதினா, ஓமவல்லி ஆகிய செடிகளை அறியாத விவசாயி இல்லை. இவை யாவும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. தண்டைத் தடவிப் பார்த்தால் நான்கு பட்டையாக இருக்கும். இலையைக் கசக்கினால் மணக்கும். இந்தக் குடும்பத்தில் பிறந்து, மலைச் சரிவுகளில் தானாக வளர்ந்து, இன்று வயலுக்கு இறங்கி வந்திருக்கும் பயிர்தான் மருந்துக் கூர்க்கன். சேலம் மாவட்டம் ஆத்தூர்ப் பகுதியிலும், கள்ளக்குறிச்சி, திருவண்ணாமலை வட்டாரங்களிலும் இதைக் 'கோலியஸ்' என்றே பலர் அழைக்கின்றனர். பொங்கல் சமயத்தில் சந்தைக்கு வரும் சிறுகிழங்கு இதற்கு நெருங்கிய உறவு. அது குழம்புக்கு, இது மருந்துக்கு.

செடி முழங்கால் உயரத்துக்குச் சற்றுக் கூடுதலாக வளரும். இலைகள் தடித்து, மெல்லிய ரோமங்களுடன் இருக்கும். நுனியில் கதிர்போல் நீண்ட காம்பில் வெளிர்நீலப் பூக்கள் அடுக்கடுக்காகப் பூக்கும். பார்வைக்கு அழகுதான், ஆனால் விவசாயிக்குப் பணம் தருவது பூ அல்ல, மண்ணுக்குள் கொத்தாகத் திரண்டிருக்கும் வேர். வைக்கோல் நிறத்திலிருந்து பொன்பழுப்பு நிறம் வரை உள்ள இந்த வேரில் 'போர்ஸ்கோலின்' என்னும் மருந்துப் பொருள் இருக்கிறது. உலர்ந்த வேரில் அதன் அளவு அரைச் சதவீதத்தைத் தாண்டுவது அபூர்வம். அந்த அரைச் சதவீதத்துக்காகத்தான் இவ்வளவு பாடும்.

1970-களில் பம்பாயில் ஹெக்ஸ்ட் மருந்து நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்திலும், லக்னோவில் மத்திய மருந்து ஆய்வு நிலையத்திலும் இந்திய மூலிகைகளைச் சலித்துப் பார்த்தபோது, இரத்த அழுத்தத்தைக் குறைக்கும் தன்மை இந்த வேரில் இருப்பது தெரிந்தது. இரு இடங்களிலும் வெவ்வேறு பெயர் வைத்தார்கள். பிறகு இரண்டும் ஒரே பொருள் என்று முடிவாயிற்று. அதற்கு முன்பே குஜராத்தில் இந்த வேரை ஊறுகாய் போட்டுச் சாப்பிடும் வழக்கம் இருந்தது. மருந்து நிறுவனங்கள் தேடத் தொடங்கியதும் காட்டுச் செடிக்கு ஆபத்து வந்தது. இலையைப் பறித்தால் செடி மீண்டும் துளிர்க்கும். வேரைத் தோண்டினால் துளிர்க்க எதுவும் மிஞ்சாது. ஆகவே மலையிலிருந்து தோண்டி எடுப்பதை விட்டு, வயலில் பயிரிட்டு எடுப்பதே செடிக்கும் நல்லது, ஒரே தரமான சரக்கு வேண்டும் என்கிற வாங்குவோருக்கும் நல்லது.

பிறந்த இடம் சொல்லும் பாடம்

இமயமலை அடிவாரம், தக்காணப் பீடபூமி, கிழக்குத் தொடர்ச்சி மலை, மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவுப் பகுதி ஆகியவை இந்தச் செடியின் பிறப்பிடங்கள். 600 மீட்டரிலிருந்து 1,800 மீட்டர் உயரம் வரை, வெயில் படும் வறண்ட சரிவுகளில் இது வளர்கிறது. சரிவில் பெய்யும் மழை நிற்காமல் ஓடிவிடும். வேர் நனையும், ஆனால் ஊறாது. பல ஆண்டுகள் உயிரோடிருக்கும் இந்தச் செடி, வயலுக்கு வந்ததும் ஐந்து மாதத்துக்குள் அழுகிச் சாவதைப் பார்க்கும்போது, நோயைக் குறை சொல்வதற்கு முன் நிலத்தைத்தான் பார்க்க வேண்டும்.

வடிகால் உள்ள செம்மண், மணல் கலந்த செம்பொறை மண் ஆகியவை ஏற்றவை. மண்ணின் கார அமில நிலை 5.5 முதல் 7 வரை இருக்கலாம். களிமண்ணும், நெல் நட்டுச் சேறாக்கிய தாழ்ந்த வயலும் ஆகவே ஆகாது. சந்தேகமாக இருந்தால் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். வயலின் மிகத் தாழ்ந்த மூலையில் ஒன்றரை அடி ஆழக் குழி வெட்டி, மாலையில் தண்ணீர் நிரப்பி விட வேண்டும். மறுநாள் காலையில் குழி வற்றியிருந்தால் அந்த நிலம் தேறும். தண்ணீர் நின்றுகொண்டிருந்தால் அங்கே கூர்க்கன் நடுவதை விட்டு வேறு பயிர் பார்ப்பதே புத்திசாலித்தனம்.

முந்தைய பயிர் என்ன என்பதையும் கவனிக்க வேண்டும். தக்காளி, கத்தரி, மிளகாய் ஆகியவற்றை வாட வைக்கும் பாக்டீரியாவும், அவற்றின் வேரில் முடிச்சு போடும் நூற்புழுவும் கூர்க்கனையும் விடுவதில்லை. அந்தப் பயிர்கள் வாடிப்போன நிலத்தில் உடனே இதை நட்டால், நோய்க்குச் சாப்பாடு போட்டதாகத்தான் ஆகும். சோளம், கம்பு, மக்காச்சோளம் போன்ற தானியப் பயிர் எடுத்த நிலம் மேல்.

எந்தப் பட்டம்?

ஜூன், ஜூலை மாதங்களிலும், செப்டம்பர், அக்டோபர் மாதங்களிலும் நடலாம் என்று பொதுவாகச் சிபாரிசு செய்யப்படுகிறது. இரண்டிலும் நன்மை உண்டு, இரண்டிலும் இடைஞ்சல் உண்டு.

ஆனி, ஆடியில் நட்டால் வடகிழக்குப் பருவமழைக்குள் செடி நன்றாகக் கால் ஊன்றிவிடும். ஆனால் வேர் பருக்கும் காலம் சரியாக ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வந்து விழும். தோண்டி எடுப்பதும் மார்கழிப் பனியிலும் மேகமூட்டத்திலும் அமையும். நறுக்கிய வேரைக் காயவைக்க வெயில் போதாது. புரட்டாசியில் நட்டால் மாசியில் தோண்டலாம். களத்தில் நல்ல வெயில் கிடைக்கும். ஆனால் இளஞ்செடி மழையில் மாட்டிக்கொள்ளும். வேர் பிடிக்காத செடி நான்கு நாள் ஈரத்தில் நின்றால் போதும், கழுத்தழுகல் வந்து வரிசை வரிசையாகச் சாயும்.

ஆகவே நாள் குறிப்பதற்கு முன் தோண்டும் மாதத்தையும் களத்து வெயிலையும் பின்னோக்கி எண்ணிப் பார்க்க வேண்டும். நல்ல சரிவும் வடிகாலும் உள்ள மேட்டு நிலத்துக்காரர் ஆடியில் நடலாம். நிலம் சமதளமாக இருந்தால், பருவமழையின் கடுமை கழிந்து கார்த்திகைக் கடைசியில் நட்டுச் சித்திரையில் தோண்டுவது பற்றியும் யோசிக்கலாம். ஆனால் அதற்குக் கிணற்றில் பங்குனி வரை தண்ணீர் இருக்க வேண்டும். கிணற்றை நம்பியவருக்கு ஒரு பட்டம், மேட்டை நம்பியவருக்கு ஒரு பட்டம்.

நாற்று தயாரிப்பு

விதையிலிருந்தும் செடி வரும். ஆனால் தாமதம், செடிக்குச் செடி வேறுபாடும் அதிகம். நுனித் தண்டை வெட்டி நடுவதே வழக்கம். மருந்துப் பொருளின் அளவு ரகத்துக்கு ரகம் மாறும் என்பதால், எந்தத் தாய்ச்செடியிலிருந்து நுனி எடுக்கிறோம் என்பது முக்கியம். 'மைமூல்' போன்ற பெயர்களில் வழங்கும் ரகங்கள் வேருக்காகப் பயிரிடப்படுகின்றன. வாங்கும் நிறுவனம் எந்த ரகத்தை ஏற்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே நுனி வாங்க வேண்டும்.

10 முதல் 12 செ.மீ. நீளமும், மூன்று நான்கு ஜோடி இலைகளும் உள்ள நுனிகளை வெட்டி, அடி இலைகளைக் கிள்ளிவிட்டு, நிழலில் அமைத்த மேட்டுப்பாத்தியில் நெருக்கமாக நட வேண்டும். மணல், செம்மண், மக்கிய தொழு உரம் சம அளவில் கலந்த பாத்தியாக இருப்பது நல்லது. பூவாளியால் தண்ணீர் தெளித்து வந்தால் மூன்று நான்கு வாரத்தில் வேர் விட்டு நடவுக்குத் தயாராகும்.

வாடல் நோய் புதிய வயலுக்குள் நுழைவது பெரும்பாலும் நாற்றோடுதான். மதிய வெயிலில் தலை தொங்கும் செடியிலிருந்து ஒரு நுனி கூட எடுக்கக் கூடாது. அடுத்த வரிசைச் செடி பசுமையாகத் தெரிந்தாலும் அதையும் விட்டுவிட வேண்டும். வெட்டும் கத்தியை அடிக்கடி கொதிநீரில் முக்கி எடுப்பது நல்லது. நடுவதற்கு முன் நாற்றின் வேரைச் சூடோமோனாஸ் கரைசலில் அரை மணி நேரம் நனைத்து நடுவதும் பலன் தருகிறது.

சாகுபடி செய்து முடிந்ததும் எல்லாச் செடிகளையும் தோண்டிவிட்டு, அடுத்த பட்டத்துக்கு நுனி தேடி ஊர் ஊராக அலைவது பலரிடமும் காணப்படும் பழக்கம். இது பல்லாண்டுச் செடி என்பதை இங்கேதான் பயன்படுத்திக்கொள்ள வேண்டும். நோயில்லாத ஒரு வரிசையைத் தோண்டாமல் விட்டு, அளவாகத் தண்ணீர் காட்டி வந்தால் அது மீண்டும் மீண்டும் துளிர்க்கும். நாற்றுச் செலவும் மிச்சம், நோயில்லாத நாற்று என்ற நிம்மதியும் உண்டு.

நடவும் உரமும்

நிலத்தை நன்றாக உழுது, கடைசி உழவில் ஏக்கருக்கு 6 டன் மக்கிய தொழு உரம் இட வேண்டும். பச்சையான சாணம் போட்டால் வேர்ப்புழுவை விலைகொடுத்து வாங்கியது போல் ஆகும். ஒரு கிலோ டிரைக்கோடெர்மா விரிடியை 50 கிலோ மக்கிய தொழு உரத்தில் கலந்து, நிழலில் ஈரப்பதத்தோடு ஒரு வாரம் வைத்திருந்து தூவலாம். வேப்பம் பிண்ணாக்கு 100 கிலோ இட்டால் நூற்புழுவின் தொல்லை குறையும்.

இரண்டு அடி இடைவெளியில் உயரமான பார் பிடித்து, பாரில் செடிக்குச் செடி ஒன்றரை அடி விட்டு நட வேண்டும். இந்த அளவில் ஏக்கருக்குச் சுமார் 15,000 நாற்றுகள் தேவை. பாத்தி கட்டித் தண்ணீர் பாய்ச்சுவது இந்தப் பயிருக்கு உதவாது. பார் எவ்வளவு உயரமோ அவ்வளவு பாதுகாப்பு. மழைக்காலத்துக்கு முன் வயலைச் சுற்றி ஒன்றரை அடி ஆழத்தில் வடிகால் வாய்க்கால் எடுத்து, தாழ்ந்த மூலையில் வெளியே விட்டுவிட வேண்டும். மழை கொட்டும்போது மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுவதால் பெரிய பயன் இல்லை.

ஏக்கருக்குத் தழைச்சத்து 16 கிலோ, மணிச்சத்து 24 கிலோ, சாம்பல்சத்து 20 கிலோ தேவை. இதற்கு யூரியா 35 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 150 கிலோ, மூரியேட் ஆப் பொட்டாஷ் 33 கிலோ வேண்டியிருக்கும். யூரியாவில் பாதியையும் மற்ற இரண்டையும் முழுவதுமாக அடியுரமாக இட்டு, மீதி யூரியாவை நட்ட 30-ஆம் நாள் களை எடுத்து மண் அணைக்கும்போது இடலாம். செடி கருகருவென்று வளரட்டும் என்று யூரியாவை அள்ளிப் போட்டால் தழைதான் பெருகும், வேர் மெலியும்.

நட்டவுடன் ஒரு தண்ணீர், மூன்றாம் நாள் உயிர்த் தண்ணீர், பிறகு வாரம் ஒருமுறை. இரண்டு விரற்கடை ஆழத்தில் மண் ஈரமாக இருந்தால் அந்த வாரத் தண்ணீரையும் நிறுத்திவிடலாம். முதல் இரண்டு மாதம் களை இல்லாமல் பார்த்துக்கொண்டால் அதன்பின் செடியே நிலத்தை மூடிக்கொள்ளும்.

பூக்கதிர் வந்ததும் கிள்ளிவிட வேண்டும். செடி தயாரிக்கும் உணவு பூவுக்கும் விதைக்கும் போனால் வேருக்குக் குறையும். இதற்கு ஆள் கூலி ஆகிறதே என்று சிலர் விட்டுவிடுகிறார்கள். காலை வேளையில் வீட்டார் இரண்டு பேர் நடந்தபடியே கிள்ளிப் போடக்கூடிய வேலைதான் இது.

பூச்சியும் நோயும்

இலை தின்னும் புழுக்களைக் கையால் பொறுக்கியும், வேப்பங்கொட்டைச் சாறு தெளித்தும் சமாளிக்கலாம். நுனிக் கொழுந்தில் மாவுப்பூச்சி கண்டால் அந்த நுனியை ஒடித்து அப்புறப்படுத்தி, சோப்புக் கரைசல் தெளித்தால் போதும். வயலைச் சுற்றிலும் இடையிடையிலும் துலுக்கச் சாமந்தி நடுவது நூற்புழுவைக் குறைக்க உதவும்.

வேரழுகலுக்கு மட்டும் வந்தபின் வைத்தியம் கிடையாது என்றே வைத்துக்கொள்ள வேண்டும். அடி இலை மஞ்சளாகும், மதியம் செடி தொங்கும், மாலையில் நிமிர்ந்து ஏமாற்றும். பிடுங்கிப் பார்த்தால் வேர் கறுத்துப் பட்டை உரியும், துர்நாற்றம் வீசும். அந்தச் செடியை மண்ணோடு பெயர்த்து எடுத்துச் சென்று எரித்துவிட்டு, குழியில் சுண்ணாம்பு போட வேண்டும். அந்த வரிசை வழியாகத் தண்ணீர் அடுத்த வரிசைக்குப் போகாமல் மடை மாற்றி விடுவது அவசியம். தண்ணீரோடுதான் நோய் நடக்கிறது.

மருந்துக்குப் போகும் வேர் இது. மண்ணில் இடும் வீரியமான குருணை மருந்துகளின் எச்சம் வேரில் தங்கினால், வாங்குபவர் சோதித்துப் பார்த்துச் சரக்கைத் திருப்பி அனுப்பிவிடக்கூடும். முன்பு சிபாரிசில் இருந்த சில மருந்துகள் இப்போது தடைசெய்யப்பட்டும் உள்ளன. வேளாண்மை அலுவலரைக் கேட்காமல் கடைக்காரர் கொடுத்ததை வாங்கிப் போட வேண்டாம்.

அறுவடையும் உலர்த்தலும்

நட்ட நாலரை முதல் ஐந்து மாதத்தில் தோண்டலாம். இரண்டு மூன்று நாளுக்கு முன் இலேசாகத் தண்ணீர் காட்டி, மண் பொலபொலவென்று இருக்கும்போது செடியோடு பெயர்த்தால் வேர் ஒடியாது. நன்கு பராமரித்த பயிரில் ஏக்கருக்கு 6 முதல் 8 டன் வரை பச்சை வேர் கிடைக்கும். உலர்ந்தபின் 800 முதல் 900 கிலோ தேறும். கவனிப்பு குறைந்தால் 350, 400 கிலோவோடு நின்றுவிடுவதும் உண்டு. இரண்டுக்கும் உழவுக்கூலி ஒன்று, நாற்றுச் செலவு ஒன்று. உதாரணத்துக்கு, ஒரு ஏக்கருக்கு ஆன மொத்தச் செலவு 40,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 850 கிலோ எடுத்தவருக்குக் கிலோவுக்கு அடக்கம் 47 ரூபாய். 400 கிலோ எடுத்தவருக்கு 100 ரூபாய். சந்தை விலை 80 ரூபாயாக இருந்தால் ஒருவர் வீட்டில் அடுப்பு எரியும். மற்றவர் வீட்டில் கடன் பத்திரம் எழுதப்படும்.

வேரை மண் போகக் கழுவி, சிறு துண்டுகளாக நறுக்கி, சுத்தமான களத்தில் மெல்லப் பரப்பிக் காயவைக்க வேண்டும். அடிக்கடி கிளறிவிட வேண்டும். இரவுப் பனி படாமல் மூட வேண்டும். ஈரம் 12 சதவீதத்துக்குள் வர வேண்டும். வளைத்தால் மடங்கும் துண்டு இன்னும் காயவில்லை. 'டக்'கென்று ஒடிந்தால் காய்ந்துவிட்டது. அரைகுறையாகக் காய்ந்த மூட்டையில் ஒரே வாரத்தில் பூஞ்சணம் ஏறும். அதன்பின் விலை பேச வாயே இராது.

விலை யார் கையில்?

கடலை விளைந்தால் மண்டிக்குப் போகலாம், எண்ணெய்ச் செக்குக்குப் போகலாம், ஒன்றுமில்லை என்றால் வறுத்தாவது தின்னலாம். கூர்க்கன் வேருக்கு அப்படி இல்லை. பிழிந்து சாரம் எடுக்கும் ஆலைகள் சிலவே. அவை வாங்கவில்லை என்றால் உள்ளூரில் கேட்பாரில்லை.

ஆலைகள் எடுக்கும் சாரத்தில் பெரும்பகுதி வெளிநாடுகளுக்கு, முக்கியமாக உடல் எடையைக் குறைக்கும் மாத்திரைகளுக்காகப் போகிறது. இதயநோய்க்கும் கண் அழுத்த நோய்க்கும் இந்தப் பொருளை மருத்துவர்கள் ஆராய்ந்திருக்கிறார்கள் என்பது உண்மை. ஆனால் உடல் மெலியும் என்பதற்கு இதுவரை உள்ள ஆதாரம் வலுவானது அல்ல. சிறிய சோதனைகள் சிலவே நடந்துள்ளன. அயல்நாட்டில் ஒரு நாகரிகம் எழும்பும்போது வேருக்கு விலை ஏறும், அந்த நாகரிகம் மாறும்போது இறங்கும். இதை ஆத்தூர் வயலில் நிற்பவர் முன்கூட்டி அறிய வழியில்லை. சென்ற ஆண்டு பக்கத்து வயல்காரர் பெற்ற விலையைக் கேட்டு இந்த ஆண்டு நடுவது அதனால்தான் ஆபத்து.

வழி ஒன்று உண்டு. நடுவதற்கு முன் ஒப்பந்தம். தமிழ்நாட்டில் 2019-இல் ஒப்பந்தப் பண்ணையத்துக்கெனத் தனிச் சட்டம் நிறைவேறியது. விலையை ஒப்பந்தம் போடும்போதே குறித்துக்கொள்ளவும், அதைப் பதிவு செய்யவும், தகராறு வந்தால் முறையிடவும் அதில் இடம் உண்டு. முகவர் ஒருவர் வந்து திண்ணையில் உட்கார்ந்து, "நாற்று நாங்களே தருகிறோம், வேரை நாங்களே எடுத்துக்கொள்கிறோம்" என்று வாயால் சொல்வது ஒப்பந்தம் ஆகாது. கையெழுத்துப் போடுமுன் சிலவற்றைக் கேட்டே ஆக வேண்டும். விலை பச்சை வேருக்கா, உலர்ந்த வேருக்கா? பச்சை வேர் எட்டு பத்து கிலோ காய்ந்தால்தான் உலர்வேர் ஒரு கிலோ ஆகும். ஈரம் எத்தனை சதவீதம் வரை ஏற்பார்கள், கூடினால் கழிவு எவ்வளவு? மருந்துப் பொருளின் அளவைப் பார்த்து விலை என்றால் சோதிப்பது யார், விவசாயி தன் பங்கு மாதிரியை வேறிடத்தில் சோதிக்க அனுமதி உண்டா? லாரி வாடகை யாருடையது? பணம் எத்தனை நாளில் வரும்? அவர்கள் தந்த நாற்றிலேயே நோய் இருந்தால் நஷ்டம் யாருக்கு? கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்லத் தயங்கும் முகவரிடம் நாற்று வாங்காமல் இருப்பது உத்தமம்.

ஒப்பந்தம் கைக்கு வந்த பிறகும் முதல் ஆண்டிலேயே ஏக்கர் கணக்கில் இறங்க வேண்டியதில்லை. 10 சென்டில் 1,500 நாற்று நட்டுப் பார்க்கலாம். ஒரு மழைக்காலத்தில் நிலம் எப்படி நடந்துகொள்கிறது, காய வைக்க எத்தனை ஆள் வேண்டும், வாங்குபவர் எடை போடும்போது எப்படி நடந்துகொள்கிறார் என்பதெல்லாம் அந்தப் பத்து சென்டிலேயே தெரிந்துவிடும். செடிக்கு ஐந்து நுனி எடுத்தாலும் அடுத்த பட்டத்தில் அரை ஏக்கருக்குச் சொந்த நாற்று தயார்.

வீட்டில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மருந்து வேர்தானே என்று வயலில் கிடைத்ததை அரைத்துக் குடிக்கக் கூடாது. இது இரத்த அழுத்தத்தை இறக்கும். அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுவோரும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் தொடவே வேண்டாம்.

ரகம், நாற்று, பட்டம் குறித்த விவரங்களைக் கோவையில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மருந்து மற்றும் நறுமணப் பயிர்கள் துறையிலும், அந்தந்த வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்திலும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். போகும்போது வயல் மண்ணில் அரைக் கிலோவைத் துணிப்பையில் எடுத்துச் சென்றால் மண் பரிசோதனைக்கும் கொடுத்துவிட்டு வரலாம்.